தீவகத்து இல்லங்களும் ஆங்கிலக் கல்வியும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை ஆராய்வோர் பாடத்திட்டம், பயிற்றுமொழி, ஆசிரியர், அரசின் கொள்கை என்பனவற்றைப் பற்றி விரிவாகப் பேசுவர். கல்வி நிகழும் இடத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பிள்ளை எங்கே அமர்ந்து படித்தது, அந்த இடம் யாருக்குச் சொந்தமாயிருந்தது, அங்கே நுழையத் தகுதி பெற்றோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பின், பழகிய வரலாறும் புதிய பொருள் தரும். யாழ்ப்பாணத் தீவகத்தில் ஆங்கிலக் கல்வி பரவிய வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வது இன்று அவசியமாகின்றது. ஏனெனில், இணையவழிக் கற்பித்தலின் வருகையோடு ஆங்கில வகுப்பு மீண்டும் வீட்டுக்குள் வந்துள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் அமைந்துள்ள வேலணைத்தீவு, காரைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகியவற்றைச் சப்த தீவுகள் என வழங்குவது மரபு. காரைதீவு இன்று காரைநகர் எனப்படுகின்றது. ஊர்காவற்றுறை வேலணைத்தீவின் வடமுனையிலுள்ள துறைமுகப் பட்டினமாகும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. இவற்றுள் டெல்வ்ற் என்ற பெயரே ஆங்கில வழக்கில் இன்றுவரை நிலைத்துள்ளது. அந்நியர் ஆட்சி தீவுகளுக்குப் பெயரிடுவதில் விரைவு காட்டியது. அவ்வாட்சியின் மொழியறிவு தீவுகளின் பிள்ளைகளைச் சென்றடைவதற்கோ நெடுங்காலம் சென்றது.

திண்ணையும் சட்டம்பியாரும்

மேனாட்டார் வருகைக்கு முன்னும் பின்னும் யாழ்ப்பாணத்திற் கல்வியின் முதற்களம் வீடாகவே இருந்தது. ஊரிற் கற்றறிந்த ஒருவர் தமது வீட்டுத் திண்ணையிலோ தலைவாசலிலோ பிள்ளைகளை இருத்தி அரிவரி தொடங்கி நிகண்டு வரை பயிற்றுவார். அவரைச் சட்டம்பியார் என அழைத்தனர். பிள்ளை மணலில் விரலால் எழுதிப் பழகிப் பின்னர் ஏட்டில் எழுதும். முதிர்ந்த மாணாக்கன் இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். கட்டடச் செலவு எதுவுமின்றி, இருந்த வீட்டையே கல்விக்கூடமாக்கிய எளிய ஏற்பாடு இதுவாகும்.

இவ்வேற்பாடு உலகக் கல்வி வரலாற்றிலும் தடம் பதித்துள்ளது. சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய அன்ட்ரூ பெல் என்னும் மதகுரு, மணலில் எழுதிப் பழகும் நாட்டுப் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தமது பள்ளியிற் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கு வளர்த்தெடுத்து, 1797இல் இங்கிலாந்தில் நூல்வடிவில் வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளிற் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறிய இந்நிகழ்ச்சி, வீட்டுத் திண்ணையை இழிவாக எண்ணுவோர் கருத்திற்கொள்ளத் தக்கது.

ஆயினும் திண்ணையைப் பொற்காலத்தின் சின்னமாகப் போற்றுவது வரலாற்று நேர்மையாகாது. வீட்டின் திண்ணை வீட்டுக்காரரின் சாதியொழுக்கத்துக்கு உட்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியாரின் பிள்ளைகள் அதில் ஏற இயலவில்லை. பெண்பிள்ளைகள் ஏறியதும் அரிது. திண்ணை தெருவை நோக்கித் திறந்திருந்ததேனும், தெருவிற் போவோர் அனைவருக்கும் அது திறந்திருக்கவில்லை.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தேவாலயத்தை ஒட்டிப் பள்ளியை அமைத்தனர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய பிலிப்பு பால்தேயு என்னும் மதகுரு, 1672இல் வெளிவந்த தமது நூலிற் குடாநாட்டின் கோவிற்பற்றுகளோடு தீவுகளின் கோவிற்பற்றுகளையும் விபரித்துள்ளார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து தண்டப்பணமும் அறவிடப்பட்டது. கல்வி வீட்டைவிட்டு வெளியேறி ஆட்சியின் கட்டடத்துக்குட் புகுந்தமைக்கு இது தொடக்கம் எனலாம். எனினும் அங்கு கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் தமிழெழுத்தும் சமய வினாவிடையுமே.

மிசனரிமாரின் வளவு

ஆங்கிலக் கல்வி யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலாகும். 1816 தொடக்கம் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். டானியல் பூவர், பெஞ்சமின் மெய்க்ஸ் முதலியோர் பாழடைந்து கிடந்த பழைய தேவாலயங்களையும் அவற்றையடுத்த வீடுகளையும் திருத்தி அமைத்துக் குடியேறினர். அவர்கள் ஊர்தோறும் நிறுவிய இலவசப் பாடசாலைகள் தமிழிலேயே கற்பித்தன. ஆங்கிலமோ அவர்களது வளவினுள்ளே தங்கிப் படித்த விடுதிப் பிள்ளைகளுக்கே முதன்மையாக வழங்கப்பட்டது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. பிள்ளையை வீட்டின் செல்வாக்கிலிருந்து பிரித்து, மிசனரி குடும்பத்தின் கண்பார்வையில் வளர்த்தாலன்றிச் சமயமாற்றம் நிலைக்காது என்பது அவர்களது எண்ணமாயிருந்தது. அமெரிக்காவிலுள்ள நன்கொடையாளர்கள் பிள்ளைகளின் செலவை ஏற்றனர்; பிள்ளைகள் அவர்களின் பெயர்களைத் தாங்கினர். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை ஆகியோரின் பெயர்கள் அவ்வழக்கத்தின் எச்சங்களாகும். ஆங்கிலம் கற்கச் சென்ற பிள்ளை வீட்டைப் பிரிந்ததோடு பெயரிலும் மாற்றம் பெற்றது.

எனினும் வீடு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மிசன் வளவிற் சமைத்த உணவை உண்பது சாதிக்கும் சமயத்துக்கும் இழுக்கெனப் பெற்றோர் கருதினர். வட்டுக்கோட்டையில் தொடக்ககாலப் பிள்ளைகளுக்கான சமையலிடம் மிசன் நிலத்துக்கு வெளியே, அயற்காணியில் அமையவேண்டியிருந்ததென மிசன் வரலாறுகள் கூறும். பாடம் உள்ளே, சோறு வெளியே என்ற இந்த ஒழுங்கு, யாழ்ப்பாணச் சமூகம் ஆங்கிலத்தை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றது. மொழியை விரும்பியோர் அதனோடு வந்த வாழ்க்கைமுறையை வாசலுக்கு வெளியே நிறுத்த முயன்றனர்.

1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகளுக்கென எழுந்த விடுதிப் பாடசாலையும் இவ்வகையில் வளர்ந்தவையே. செமினரியிற் பயின்ற தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆனால் அதற்கு முன்னரே, 1855இல், செமினரி மூடப்பட்டுவிட்டது. ஆங்கிலம் கற்ற இளைஞர் சமயப்பணியை நாடாது அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்பதும், தாய்மொழிவழிப் பணியே மிசனுக்கு உகந்தது என்பதும் அமெரிக்காவிலிருந்து வந்த றூபஸ் அன்டர்சன் குழுவின் கருத்தாயின. ஊரவர் இதனை ஏற்கவில்லை. செமினரியின் பழைய மாணவர் சிலர் தாமே ஆங்கிலப் பாடசாலைகளை நடத்தினர். ஊரவரின் வேட்கை தொடர்ந்ததனால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றியது. அதே ஆண்டில் ஆறுமுக நாவலரும் வண்ணார்பண்ணையில் ஒரு சைவ ஆங்கிலப் பாடசாலையைத் தொடங்கினார். பிள்ளை வீட்டொழுக்கத்தை விடாமலே ஆங்கிலத்தைப் பெறவேண்டும் என்ற நோக்கம் இதன் அடியில் இருந்தது. காரைதீவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலெழுந்த சைவ ஆங்கிலப் பாடசாலையும் இந்நோக்கின் தொடர்ச்சியாகும்.

கடலைக் கடந்த மாணவர்

குடாநாட்டிற் பெற்றோருக்கு இருந்த தடை சமயமும் கட்டணமுமாக இருந்தது. தீவகத்திலோ அவற்றோடு கடலும் சேர்ந்துகொண்டது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நெடுந்தீவுக்கும் பிற தீவுகளுக்கும் இடையே வள்ளப் பயணம் இடர் மிகுந்தது. பண்ணைத் தாம்போதியும், வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் தாம்போதியும் அமைவதற்கு முன்னர் யாழ்ப்பாண நகரக் கல்லூரியொன்றுக்கு நாள்தோறும் சென்று வருவது எண்ணிப் பார்க்கவியலாதது. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இன்றும் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையிலிருந்து படகிலேயே செல்லவேண்டும். ஆகவே, மேற்படிப்பை நாடிய தீவுப் பிள்ளை கல்லூரி விடுதியிலோ பட்டினத்து உறவினர் வீட்டிலோ தங்கவேண்டியதாயிற்று. விடுதிக் கட்டணம் கொடுக்க வசதியும், ஒரு பிள்ளையை ஏற்று வைத்துக்கொள்ளும் உறவும் உடைய குடும்பங்களுக்கே இது இயன்றது.

தீவகத்துப் பொருளியலையும் இங்கு கருதவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து குடாநாட்டு இளைஞர் பலர் ஆங்கிலக் கல்வியைக் கொண்டு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இடம்பெற்றனர். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய ஊர்களின் இளைஞர் பலரோ தென்னிலங்கைப் பட்டினங்களிற் கடை வைத்தனர். கடையில் நின்று பழகிய இளைஞனுக்குக் கணக்கும் சிங்களமும் போதுமாயிருந்தன. ஆங்கிலம் அவனது உடனடித் தேவையாக இருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி தீவகத்திற் பிந்திப் பரவியதற்கு அறியாமையைக் காரணங் காட்டுவது பொருந்தாது. கடலும் கடையும் அதற்கு உரிய காரணங்களாகும்.

ஊர்காவற்றுறை இதற்கு ஓரளவு விலக்காயிற்று. துறைமுகமும் சுங்கமும் கத்தோலிக்க திருச்சபையின் பணியும் ஒருங்கே அமைந்த இப்பட்டினத்தில் புனித அந்தோனியார் கல்லூரி ஆங்கிலக் கல்வியைத் தீவின் வாசலுக்கே கொண்டுவந்தது. 1913இற் கரம்பனிற் பிறந்த தனிநாயகம் அடிகள் இக்கல்லூரியிற் பயின்று, பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரிக்குச் சென்றார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஏட்டைத் தொடங்கித் தமிழியலை உலக அறிஞர்க்கு அறிமுகப்படுத்தியவரும், 1964இற் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றவும் 1966இற் கோலாலம்பூரில் அதன் முதல் மாநாடு கூடவும் முன்னின்று உழைத்தவரும் அவரே. தீவொன்றிற் பிறந்த சிறுவனுக்கு நடந்து செல்லும் தூரத்தில் ஓர் ஆங்கில வகுப்பு இருந்தமையால் தமிழ் பெற்ற பயனை இது காட்டும். அவ்வாய்ப்பு அமையாத நெடுந்தீவுச் சிறுவரை வரலாறு பெயர் சொல்லி அறியவில்லை.

இலவசக் கல்வியும் அதன் எல்லையும்

பிரித்தானியர் ஆட்சியில் ஆங்கிலப் பாடசாலைகள் கட்டணம் பெற்றன. சுயமொழிப் பாடசாலைகள் இலவசமாயிருந்தன. இப்பிரிவு சமூகத்தை இரண்டாகப் பிளந்தது. பாடசாலையினுள்ளும் பிளவு இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் அமர முடியாது நிலத்தில் இருத்தப்பட்டனர். 1920களின் இறுதியில், உதவிபெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டுமென அரசாங்கம் வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பு எழுந்தது. இடம் பற்றிய வினா எத்துணை ஆழமானது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையும், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் பெரும் திருப்பமாக அமைந்தன. கட்டணம் நீங்கியது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. வேலணை மத்திய கல்லூரி அப்போக்கின் பேறாகும். தாய்மொழி படிப்படியாகப் பயிற்றுமொழியானது. தீவுப் பிள்ளை தன் மொழியில் விஞ்ஞானமும் வரலாறும் கற்கும் உரிமையைப் பெற்றமை பெருநன்மையே. ஆயினும் ஆங்கிலம் இரண்டாம் மொழிப் பாடமாகச் சுருங்கியபோது, அதனைக் கற்பிக்கத் தகுந்த ஆசிரியர் பட்டினப் பாடசாலைகளிலேயே திரண்டனர். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர் அரசாங்க உத்தியோகத்தின் வாசல் தமிழருக்கு ஒடுங்கியது. வெளிநாட்டை நோக்கியோருக்கு ஆங்கிலத்தின் தேவை வளர்ந்தது. பொதுப் பாடசாலை கொடுக்காததைத் தனி வகுப்புக் கொடுக்கத் தொடங்கியது. 1970களில் யாழ்ப்பாணத்திற் கிடுகுக் கொட்டில்களில் ரியூட்டரிகள் பெருகின. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் தத்தம் விறாந்தையில் நாலைந்து பிள்ளைகளை இருத்தி ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தனர். சட்டம்பியாரின் திண்ணை வேறு பெயரில் உயிர்த்தெழுந்தது எனலாம். அதன் நுழைவாயிலிற் சாதியின் பிடி தளர்ந்தது; பணத்தின் பிடி இறுகியது.

பின்னர் போர் வந்தது. 1990இற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது வேலணைத்தீவிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். வீடுகள் கூரையிழந்தன, பாடசாலைகள் மாணவரை இழந்தன. தீவகத்தார் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளிற் பரந்தனர். அங்கு வளரும் பிள்ளைகள் அந்நாடுகளின் மொழிகளைத் தம்மொழியாகவே பேசுகின்றனர். தீவிற் தங்கியோரின் பிள்ளைகள் அவற்றை அன்னிய மொழியாகவே கற்கின்றனர். ஒரே குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையே மொழி ஒரு கடலாகியுள்ளது.

திரையின் வருகை

2020 மார்ச்சிற் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. தொலைக்காட்சியிற் பாடங்களை ஒளிபரப்பிய நிகழ்ச்சிக்குக் 'குரு கெதர' எனப் பெயரிட்டனர். ஆசிரியரின் வீடு என்பது அதன் பொருள். இரு நூற்றாண்டுகளாக வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டு வந்த வகுப்பறை, ஒரு வாரத்துள் வீட்டுக்கு மீண்டது. பாடசாலைகள் மீளத் திறந்த பின்னரும் இணையவழி ஆங்கில வகுப்பு நின்றுவிடவில்லை. கரம்பனிலிருந்து ஒருவர் கனடாவிலுள்ள பிள்ளைக்கும், கனடாவிலிருந்து ஒருவர் கரம்பனிலுள்ள பிள்ளைக்கும் கற்பிப்பது இன்று இயலும் காரியமாகும். கடல் என்னும் பழைய தடை முதன்முறையாக விலகியுள்ளது.

ஆனால் இடம் என்னும் தடை விலகவில்லை. இணையவழி வகுப்புக்கு வேண்டியவை எவை? முகத்தில் வெளிச்சம் விழுமாறு யன்னலை நோக்கிய ஓர் இருக்கை, பின்னே அசைவற்ற ஒரு சுவர், எழுத ஒரு சிறு கரும்பலகை, இடையறாத மின்சாரம், தடையற்ற அலைவரிசை, ஒரு மணிநேர அமைதி. ஏட்டிற் சிறிதாகத் தோன்றும் இப்பட்டியல் தீவகத்து வீடொன்றில் எளிதில் நிறைவேறுவதில்லை. சோளகக் காற்றிற் பனையோலையின் இரைச்சல் ஒலிவாங்கியை நிறைக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் ஆசிரியரின் குரல் கேளாது. ஓர் அறையிலேயே சமையலும் படிப்பும் உறக்கமும் நிகழும் வீட்டில் அமைதி யாருடைய உடைமையும் அன்று. கைத்தொலைபேசி ஒன்றே உள்ள வீட்டில் மூன்று பிள்ளைகள் இருப்பின், எப்பிள்ளை படிப்பது என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கவேண்டியுள்ளது.

மின்சாரத்தின் நிலையும் எண்ணத்தக்கது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் தேசிய மின்வலையமைப்பில் இணையாது, டீசல் மின்பிறப்பாக்கிகளையே நெடுங்காலம் நம்பியிருந்தன. சூரிய ஒளியையும் காற்றையும் பயன்படுத்தி இம்மூன்று தீவுகளுக்கும் மின்வழங்கும் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாகியது. வகுப்பைக் குலைக்கும் காற்றே வகுப்புக்கு மின்சாரமும் தரக்கூடும் என்பது தீவகத்தார்க்கு நம்பிக்கை தரும் செய்தியாகும்.

வரலாறு உணர்த்துவது

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓருண்மை புலப்படும். ஆங்கிலக் கல்வியின் இடம் மாறும்தோறும் அதனைப் பெறுவோரும் மாறினர். மிசன் வளவு வீட்டைப் பிரிய இசைந்த பிள்ளையைத் தெரிந்தெடுத்தது. பட்டினத்துக் கல்லூரி விடுதிப் பணமும் உறவும் உடைய பிள்ளையைத் தெரிந்தெடுத்தது. ரியூட்டரி கட்டணம் செலுத்தியவனைத் தெரிந்தெடுத்தது. இன்று திரை, தனியறையும் தனிக்கருவியும் உடைய பிள்ளையைத் தெரிந்தெடுக்கும் நிலையில் உள்ளது. வீட்டில் அழகியதோர் அறையை அமைத்துக் கதவைச் சாத்திக்கொண்டால், கதவுக்கு வெளியே நிற்கும் அயற்பிள்ளை நூறாண்டுகளுக்கு முன்னர் திண்ணைக்குக் கீழே நின்ற பிள்ளையின் நிலைக்கே தள்ளப்படும்.

இதனைத் தவிர்க்கும் வழியும் தீவகத்தின் வாழ்வுமுறையிலேயே உண்டு. விறாந்தை வீட்டுக்கும் ஊருக்கும் பொதுவானது. அங்கே ஒரு கருவியை வைத்து நான்கு பிள்ளைகளை இருத்தினால், திரைக்கப்பாலுள்ள ஆசிரியர் கூறுவதை மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு எடுத்துரைக்கலாம். அன்ட்ரூ பெல் வளர்த்தெடுத்த முறையும் அதுவே. வீட்டு முதியவர் ஒருவர் அருகில் இருப்பது பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகும். விறாந்தை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊர்தோறும் உள்ள சனசமூக நிலையங்கள் உள்ளன. பத்திரிகை வாசிப்பதற்கென ஊரவர் தம் உழைப்பால் எழுப்பிய அக்கட்டடங்களில் மாலையில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒரு திரையும் வைப்பது இயலாத காரியமன்று. அங்கே எவரும் எவரையும் படியிறக்க இயலாது.

1990இன் பின்னர் வெறுமையான தீவுகளில் மீண்டும் பிள்ளைகளின் குரல் கேட்கவேண்டுமானால், படிப்புக்காகத் தீவை விட்டுப் போகவேண்டும் என்னும் நிலை மாறவேண்டும். கல்விக்காக வீட்டை விடுவது என்பதே இரு நூற்றாண்டுகளாகத் தீவுப் பிள்ளைக்கு விதிக்கப்பட்ட விலையாக இருந்தது. அவ்விலையின்றி ஆங்கிலம் கற்கும் வாய்ப்பு இப்போதுதான் தோன்றியுள்ளது. அதனை ஒரு வீட்டின் அறைக்குள் அடக்குவதா, ஊரின் விறாந்தையில் வைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இன்றைய தலைமுறையினர் கையில் உள்ளது.